வேலைநீக்கத்தை எடுத்துரைக்கும் முறை

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நமது சங்கக் கூட்டங்களில் கல்வியைப் பற்றியும், கலியாணச் செலவைப் பற்றியும், வியாபார அபிவிருத்தியைப் பற்றியும் பலமுறை பேசியிருக்கின்றோம். உத்தியோகம் தேடும் வழிகளைப் பற்றியும் பேசியதுண்டு. ஆயினும், இருந்த உத்தியோகத்தினின்று நீக்கப்பட்ட ஒருவர் மீண்டும் உத்தியோகம் தேடுங்கால், தாம் நீக்கப்பட்ட செய்தியைப் புதிய எஜமானரிடம் எங்ஙனம் உரைப்பது என்னும் விஷயம் மட்டும் மேடைக்கு வருவதில்லை. அது கூட்டம் கலைந்த பின்னர்த் தாழ்வாரத்தில் காதோடு காதாகப் பேசப்படும் விஷயமாகவே இருந்துவருகின்றது. அதனை இன்று வெளிப்படையாகப் பேசுவது உசிதம் என்று கருதி எடுத்துக்கொண்டோம்.

காதோடு காதாகப் பேசுவதற்குக் காரணம் யாவருக்கும் தெரிந்ததே. வேலை போயிற்று என்றால் மகனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குவார்கள். மகளுக்கு வந்த வரன் நின்றுவிடும். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஆதலால் வீட்டார் முதலில் உறவினரிடம் மறைக்கின்றனர். உறவினரிடம் மறைத்ததையே பின்னர் உத்தியோக மனுவிலும் மறைக்கும்படி பிள்ளைக்குப் புத்தி சொல்லுகின்றனர். வீட்டுக் கௌரவத்திற்காகத் தொடங்கிய பொய், எஜமானரிடம் எழுத்து மூலமான பொய்யாக முதிர்ந்துவிடுகின்றது. முதல் வேலை போனதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். அவற்றிற் பலவற்றில் அந்தப் பிள்ளையின் குற்றம் அணுவளவும் இராமல் இருக்கலாம். இரண்டாவது வேலை இந்தப் பொய்யினால் போனால் அது முழுவதும் நாம் தேடிக்கொண்டதேயாகும்.

நீக்கம் என்பது ஒரே வகையா?

முதற்கண், நீக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் பலவகை நிகழ்ச்சிகள் அடங்கியிருக்கின்றன என்பதை உணரவேண்டும். கம்பெனி நஷ்டப்பட்டு நூறு பேரை அனுப்பிவிடுவது ஒன்று. தகுதிகாண் காலம் முடிந்தவுடன் உறுதிப்படுத்தாமல் விடுவது மற்றொன்று. எதிர்பார்த்த அளவு வேலை நடக்கவில்லை என்று நிறுத்துவது வேறொன்று. ஒழுங்கீனத்திற்காக விசாரணை செய்து தண்டனையாக நீக்குவது இவை யாவற்றினும் வேறானது. நம் வீடுகளில் இவை அனைத்திற்கும் "வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள்" என்னும் ஒரே வாசகந்தான். அவ்வாசகத்தைக் கேட்டுக் கேட்டு, ஆட்குறைப்பில் வேலையிழந்த பிள்ளையும் தன்னைக் குற்றவாளியாகவே எண்ணிக்கொள்ளுகின்றான்.

சட்டம் அவ்வாறு ஒன்றாகக் கட்டவில்லை. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-ல் சேர்க்கப்பட்ட விளக்கம், ஆட்குறைப்பு என்பது ஒழுங்கு நடவடிக்கையின் தண்டனையாக அல்லாமல் எஜமானர் செய்யும் நீக்கம் என்று பிரித்துரைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துள்ளது. இந்தப் பாகுபாடு அதிலும் நிலைத்திருக்கின்றது. மத்திய அரசாங்கச் சிப்பந்திகளுக்கான 1965-ஆம் வருஷத்து ஒழுங்கு விதிகளோ தண்டனையிலேயே இரண்டு படிகளை வைத்திருக்கின்றன. பணியினின்று அகற்றப்பட்டவர் பிற்காலத்தில் மீண்டும் அரசாங்க வேலைக்கு வர அத்தண்டனை தடையாகாது. பணியறவு பெற்றவருக்கு அது சாதாரணமாகத் தடையாகும். கேட்போர் காதுக்கு இரண்டும் ஒன்றே. வாழ்க்கைக்கோ இரண்டும் வெவ்வேறு.

ஆகையால், வேலையிழந்தவர் முதலிற் செய்யவேண்டியது தமக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவை வரிவரியாகப் படிப்பதேயாம். அழுகையிலும் ஆத்திரத்திலும் அதனை அலமாரியில் எறிந்துவிட்டு, பின்னர் ஞாபகத்திலிருந்து பேசுகின்றவர் பலர். உத்தரவில் என்ன சொல் இருக்கின்றது, காரணம் கூறப்பட்டுள்ளதா, எந்தத் தேதியிலிருந்து நீக்கம் என்பவற்றைத் தெரிந்துகொள்ளாமல் வேறொருவரிடம் விளக்கம் கூறுவது எப்படி?

நீக்கம் முறைப்படி நடந்ததா என்பதையும் பார்த்தல் வேண்டும். நமது ராஜ்யத்தின் 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஆறு மாதத்திற்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இன்றி நீக்கலாகாது என்கின்றது. ஒழுங்கீனத்திற்காக நீக்குவதாயின் முன்னறிவிப்புத் தேவையில்லை. ஆனால் அதற்கென நடத்திய விசாரணையில் பதிவான சாட்சியம் இருத்தல் வேண்டும். நீக்கப்பட்டவர் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்துகொள்ளவும் வழியுண்டு. நிர்வாகப் பதவியில் இருப்போர் முதலிய சிலருக்கு இச்சட்டம் பொருந்தாது. பொருந்துவோர் காலத்தில் முறையிட வேண்டும். அதனை விடுத்துப் புதிய எஜமானரின் முன்னிலையில் பழைய எஜமானரை வைதுகொண்டிருப்பதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

மறைத்தல் ஏன் பலியாது?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாகாது என்பது நம் முன்னோர் மொழி. இக்காலத்தில் அது முன்னினும் பன்மடங்கு உண்மையாகிவிட்டது. வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் 2014 முதல் பன்னிரண்டு இலக்கமுள்ள பொதுக் கணக்கு எண் ஒன்று கொடுக்கப்படுகின்றது. எஜமானர் மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை. எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகினார் என்பது அந்த எண்ணின்கீழ் வரிசையாக நிற்கும். வருமான வரி பிடித்தம் செய்த எஜமானர் பெயர்களோ வரிக் கணக்கில் நிற்கும். இவை போதாவென்று, புதிதாகச் சேருவோரின் பூர்வோத்தரங்களை விசாரிப்பதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகளும் இருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் அவர்களைக் கொண்டு பழைய காரியாலயத்திற்குக் கடிதம் எழுதிக் கேட்கின்றன.

நியமன உத்தரவுகளில், மனுவில் கூறியது பொய்யென்று பிற்பாடு தெரியவந்தால் உடனே நீக்கலாம் என்னும் நிபந்தனை காணப்படுவது வழக்கம். அதில் நம் பிள்ளைகள் படிக்காமலே கையொப்பமிடுகின்றனர். சேர்ந்த நாளில் கண்டுபிடிக்காவிட்டாலும், மூன்று வருஷம் கழித்துப் பதவி உயர்வு வருங்காலத்தில் கண்டுபிடிக்கப்படலாம். கடன் வாங்கி வீடு கட்டி, குழந்தையைப் பள்ளியில் சேர்த்த பிற்பாடு அந்தக் கடிதம் வந்தால் அக்குடும்பத்தின் கதி என்ன?

அரசாங்க உத்தியோகங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2016-ல் அவதார் சிங் வழக்கில் விரிவாகத் தீர்ப்பளித்தது. குற்ற வழக்குகளைப் பற்றி மனுவில் கேட்ட கேள்விக்கு உண்மையை மறைத்தவர்களின் நிலை அங்கு ஆராயப்பட்டது. கேட்ட விவரம் உண்மையாக இருத்தல் வேண்டும், மறைப்பும் பொய்யும் கூடா என்பது அத்தீர்ப்பின் முதல் விதி. அற்பமான விஷயமாயின் மறைத்த பிழையை எஜமானர் பொறுக்கலாம் என்றும், உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவரது பூர்வ நடத்தையை எஜமானர் பரிசீலிக்கலாம் என்றும் அது கூறுகின்றது. உண்மை சொன்னால் வேலை நிச்சயம் என்று நாம் யாருக்கும் ஆசை காட்டவில்லை. சில கதவுகள் மூடத்தான் செய்யும். ஆயினும் உண்மையைச் சொல்லித் திறந்த கதவு பின்னர் மூடாது. பொய்யைச் சொல்லித் திறந்த கதவு எந்த இரவிலும் மூடலாம்.

சுருங்கச் சொல்லுதல்

உண்மையைச் சொல்வதென்றால் ஊர்க்கதை முழுவதையும் கொட்டுவதென்று பொருளன்று. இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த உதாரணம் இருக்கின்றது. கணித மேதை ஸ்ரீனிவாச ராமானுஜன் கும்பகோணத்திலும், பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. வேலைக்கு அலைந்த அவர், 1912 பிப்ரவரி 9-ஆம் தேதி சென்னைத் துறைமுகக் காரியாலயத்திற்கு ஒரு மனு எழுதினார். தாம் மெட்ரிகுலேஷன் தேறியவர், எப்.ஏ. வரையில் படித்தவர், சில துரதிர்ஷ்டமான நிலைமைகளால் மேற்கொண்டு படிக்க இயலாமற் போனவர் என்பதை ஒரே வாக்கியத்தில் தெரிவித்தார். அடுத்தபடியாகவே, அதுமுதல் தம் காலம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருவதைக் கூறி, தம்மால் அவ்வேலையைச் செய்ய இயலும் என்று முடித்தார். மிடில்மாஸ்ட் என்னும் கணிதப் பேராசிரியரின் சிபாரிசும் உடன் சென்றது. மார்ச்சு முதல் தேதி அவர் கணக்குப் பகுதியில் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

இது வேலைநீக்கமன்று, பரீட்சையில் தவறியதேயாம். ஆயினும் விளக்கும் முறை ஒன்றே. தேறினேன் என்று அவர் எழுதவில்லை. பரீட்சகரைக் குறைகூறவும் இல்லை. தம் வறுமையை விரித்துரைத்து இரங்கச் செய்யவும் இல்லை. நேர்ந்தது ஒரு வரி. அதன்பின் செய்தது ஒரு வரி. இனிச் செய்யக்கூடியது ஒரு வரி. இம்மூன்று வரிகளையே நம் வாலிபர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

உதாரணமாக, ஆட்குறைப்பில் வேலையிழந்தவர், "எங்கள் பகுதியை மூடிவிட்டார்கள், அதில் இருந்த அனைவருடன் நானும் விடுவிக்கப்பட்டேன், அதுமுதல் இன்ன பயிற்சி பெற்று வருகின்றேன்" என்று கூறினால் போதும். வேலை போதவில்லை என்று நிறுத்தப்பட்டவர், "விற்பனையில் எனக்குக் குறித்த அளவை நான் எட்டவில்லை, அதனால் நிறுத்தினார்கள். புதியவர்களிடம் சென்று பேசுவது எனக்குக் கைவரவில்லை; கணக்கு வைப்பதிலும் சரக்குச் சரிபார்ப்பதிலும் எனக்குப் பழக்கம் உண்டு; ஆகையால்தான் இந்த வேலைக்கு மனுச் செய்தேன்" என்று கூறலாம். இதனைக் கேட்கும் எஜமானர், இவர் தம் பலத்தையும் பலவீனத்தையும் அறிந்தவர் என்று உணர்வார்.

ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவர் நிலை கடினமானது. அதனை எளிதென்று சொல்லி ஏமாற்ற நாம் விரும்பவில்லை. அவரும் மூன்று வரியே சொல்ல வேண்டும். "வேலைக்கு அடிக்கடி தாமதமாக வந்தேன்; எச்சரித்தும் திருந்தவில்லை; நீக்கினார்கள். கடந்த ஒரு வருஷமாக இன்ன கடையில் காலை ஏழு மணி வேலைக்குத் தவறாமல் போகின்றேன், கடைக்காரரைக் கேட்டறியலாம்." இங்கு மூன்றாவது வரிக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லையேல் அதைத் தேடிய பிற்பாடே பெரிய வேலைக்கு மனுச் செய்வது நலம். பணவிஷயத்தில் பிழை செய்தவர் மறுபடியும் பணப்பெட்டியருகே வேலை கேட்பது விவேகமாகாது. வேறு வேலையில் அமர்ந்து, சிறுகச் சிறுக நம்பிக்கையைச் சம்பாதிப்பதே வழி.

வேறு சில குறிப்புகளையும் சொல்லிவைக்கின்றோம். மனுவில் ஒவ்வொரு வேலையையும் விட்ட காரணத்தைக் கேளாமலே எழுத வேண்டுவதில்லை; ஆனால் தேதிகளும் பதவிப் பெயர்களும் பிசகின்றி இருத்தல் அவசியம். கேட்டால் சொல்லத் தயங்கலாகாது. ராஜிநாமாச் செய்யும்படி சொல்லி அதனை ஏற்றுக்கொண்டிருந்தால் ராஜிநாமா என்று எழுதலாம். நீக்கல் உத்தரவு கையில் இருக்க ராஜிநாமா என்று எழுதுவது பொய். பழைய காரியாலயத்தில் விசாரித்தால் என்ன பதில் சொல்வார்கள் என்பதை முன்னதாகவே மரியாதையுடன் கேட்டுத் தெரிந்துகொள்ளல் வேண்டும். தாம் சொல்வதும் அவர்கள் சொல்வதும் மாறுபட்டால் இருவரில் பொய்யர் யார் என்ற கேள்வி எழும். பழைய மேலதிகாரியைத் தூஷிப்பது அறவே ஆகாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றே கேட்போர் நினைப்பர். சொல்லப்போகும் மூன்று வரிகளையும் வீட்டில் ஒருவர் முன்னிலையில் வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பழகுவதும் நன்று. நா தழுதழுக்கும் இடம் வீடாக இருக்கட்டும்.

அநியாயமாக நீக்கப்பட்டவர்

தம்மீது குற்றமே இல்லாமல் தண்டிக்கப்பட்டவர் என்ன செய்வது என்று கேட்கலாம். வங்காளத்துச் சுரேந்திரநாத் பானர்ஜியின் சரித்திரத்தை இங்குச் சொல்லுவது தகும். அவர் 1869-ல் லண்டனில் சிவில் சர்வீஸ் பரீட்சை தேறி, 1871-ல் சில்ஹெட் ஜில்லாவில் உதவி மாஜிஸ்திரேட்டாக அமர்ந்தார். ஒரு வழக்கின் பதிவில் நேர்ந்த பிழையைக் காரணமாக்கி விசாரணை நடத்தி, 1874-ல் அவரைச் சர்க்கார் நீக்கிவிட்டது. லண்டனுக்குச் சென்று முறையிட்டார், பலிக்கவில்லை. பாரிஸ்டராகலாம் என்றால், நீக்கப்பட்டவர் என்ற காரணத்தாலேயே அந்தக் கதவும் 1875-ல் அடைக்கப்பட்டது. தேசம் முழுவதும் அறிந்த நீக்கத்தை அவர் எங்கே ஒளிப்பார்?

தம் நீக்கம் அநியாயம் என்பதையும், இந்தியராகப் பிறந்ததே தம் குற்றம் என்பதையும் அவர் பிற்காலத்தில் 1925-ல் வெளியான தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார். ஆனால் 1875-ல் அவர் செய்தது என்ன? முறையீட்டை முறையான இடத்தில் கடைசிவரை நடத்தினார். அது தோற்றதும் வேலையில் இறங்கினார். கல்கத்தா மெட்ரோபாலிடன் கல்விச்சாலையில் ஆங்கிலப் பேராசிரியரானார். மறு வருஷமே இந்திய சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரானார். 1895-ல் பூனாவிலும் 1902-ல் ஆமதாபாத்திலும் காங்கிரஸ் மகாசபைக்கு அக்கிராசனம் வகித்தார். நீக்கப்பட்டதே ஒருவருடைய சரித்திரத்தின் கடைசி அத்தியாயமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் இச்சரித்திரத்தில் நாம் கவனிக்க வேண்டியவர் இன்னொருவரும் இருக்கின்றார். சர்க்கார் நீக்கிய மனிதரை அழைத்து அந்தப் பேராசிரியர் பதவியைக் கொடுத்தவர் ஈசுவர சந்திர வித்தியாசாகரர். மறைப்பதற்கு எதுவுமில்லாத நிலையில், மனிதரின் தகுதியைப் பார்த்து வேலை கொடுத்தார். அவர் கதவை அடைத்திருந்தால் சுரேந்திரநாதரின் உண்மையும் திறமையும் எங்கே போயிருக்கும்?

நமது கடமை

இதிலிருந்து நம் சங்கத்தாருக்குச் சில கடமைகள் ஏற்படுகின்றன. அவற்றைச் சொல்லாமல் வாலிபர்களுக்கு மட்டும் உபதேசம் செய்வது நியாயமாகாது.

முதலாவது, நம்மில் கடையும் கம்பெனியும் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது. வேலையில்லாமல் வீட்டிலிருந்த காலத்தை மூடுவதற்காக, "இன்னார் எமது கடையில் இத்தனை வருஷம் வேலை பார்த்தார்" என்று அனுபவ அத்தாட்சி கேட்டு உறவினர் வருகின்றனர். தாட்சண்யத்திற்காக எழுதிக் கொடுப்பவரும் உண்டு. அது உபகாரம் என்று நினைக்கின்றார்கள். உண்மையில் அது பிள்ளையின் கழுத்தில் கட்டும் கல்லாகும். சம்பளப் பதிவும் வைப்பு நிதிப் பதிவும் இல்லாத அந்தக் காகிதம் முதல் விசாரணையிலேயே கிழிந்துபோகும். கையொப்பமிட்டவரின் பெயரும் அதனுடன் கெடும். அப்பிள்ளைக்கு உண்மையாகவே ஆறு மாதம் வேலை கொடுங்கள். பதிவேட்டில் எழுதிச் சம்பளம் கொடுங்கள். பின்னர் உண்மையான அத்தாட்சி தாருங்கள். அதுவே உபகாரம்.

இரண்டாவது, நீக்கப்பட்ட ஒருவர் நம்மிடமே வேலை கேட்டு வந்து உண்மையைச் சொன்னால், அந்தச் சொல்லுக்காகவே அவரை வெளியேற்றலாகாது. வேலைக்குத் தகுதியில்லையேல் வேறு விஷயம். உண்மை சொன்னவனுக்கு இல்லையென்றும், மறைத்தவனுக்கு வேலையென்றும் நாமே பழக்கிவிட்டால், பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் நாமேயாவோம். நம்மிடமிருந்து விலகிச் செல்வோருக்கும் வேலை பார்த்த காலத்தைக் குறித்து அத்தாட்சியைத் தாமதமின்றித் தரல் வேண்டும்.

மூன்றாவது, தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் விண்ணப்பம். வேலை போன அன்று பிள்ளை வீட்டிற்கு வந்து சொல்லுவானாகில், அதுவே நீங்கள் அவனை நன்றாக வளர்த்ததற்கு அடையாளம். சொல்லப் பயந்து, தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு பூங்காவிலும் ரயில் நிலையத்திலும் பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் திரும்பும் பிள்ளைகள் நாட்டில் இருக்கின்றனர். அவர்கள் பயப்படுவது எஜமானரையல்ல, வீட்டாரை. வீட்டில் உண்மை சொல்லத் தைரியமில்லாதவன் அந்நியர் முன்னிலையில் எப்படிச் சொல்வான்? மருமகளாக வந்த பெண்ணின் வேலை போனாலும் இதே நியாயந்தான். அவளைப் பிறந்த வீட்டின்முன் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். கலியாணப் பேச்சிலும் வேலை போன செய்தியை மறைக்க வேண்டாம். அச்செய்தியைக் கேட்டு விலகும் சம்பந்தம், கலியாணத்திற்குப் பின் தெரிந்திருந்தால் இன்னும் கசந்திருக்கும்.

வாலிப நண்பர்களே! வேலை என்பது நாம் செய்வது; அதுவே நாமாகிவிடாது. போன வேலையைப் பற்றிக் கேட்டால் தலை குனியாமல், குரல் உயர்த்தாமல், மூன்று வரியில் உண்மையைச் சொல்லுங்கள். முதல் இடத்தில் மறுப்பார்கள். இரண்டாம் இடத்திலும் மறுக்கலாம். எங்கேயோ ஒருவர் கேட்டுவிட்டு, "சரி, எப்போது வேலைக்கு வரலாம்?" என்பார். அவரிடம் மறைப்பதற்கு ஒன்றுமின்றி நீங்கள் நிம்மதியாக வேலை பார்ப்பீர்கள். அந்த ஒருவர் நம் சங்கத்தாரில் ஒருவராக இருக்கும்படி நாம் அனைவரும் நடந்துகொள்வோமாக.